லேப்டாப்பை மூடிய பிறகும் எந்தச் சாதனம் விழித்திருக்கிறது, ஏன்?

கேள்வி இதுதான்: இரவில் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தால் காலையில் பை சூடாக இருக்கிறது, பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. பழைய லேப்டாப்பில் இந்தத் தொல்லை இல்லை. இயங்குதளம் சாதனங்களை எப்படித்தான் தூங்க வைக்கிறது? எந்தச் சாதனத்தை எப்போது அணைக்கலாம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

கடைசிப் பகுதிக்குச் சுருக்கமான பதில்: தெரியாது. ஒரு சாதனம் சும்மா இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சாதனத்தின் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வாய் திறந்து சொல்ல வேண்டும். இயங்குதளம் செய்வதெல்லாம் யார் எதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பதும், யாருக்குப் பின் யார் தூங்கலாம் என்று வரிசை பார்ப்பதும்தான். அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரி தப்பினாலும் மொத்த இயந்திரமும் விழித்தே இருக்கும். உங்கள் பை சூடாவதும் பெரும்பாலும் இதனால்தான். நான் லினக்ஸை வைத்தே அதிகம் சொல்கிறேன், உள்ளே நடப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால். விண்டோஸில் பெயர்கள் மாறும், பிரச்சினைகள் மாறாது.

ஒரு சிப்பில் மின்சாரம் இரண்டு வழியில் செலவாகிறது. சிப்பின் வேலைக்குத் தாளம் போடும் க்ளாக் துடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரான்சிஸ்டர்கள் மாறுவதற்கு ஆகும் செலவு ஒன்று. எதுவும் மாறாமல் சும்மா இருக்கும்போதும் டிரான்சிஸ்டர்கள் வழியாகக் கசிந்து போவது இன்னொன்று. க்ளாக்கை நிறுத்தினால் முதல் செலவு நின்றுவிடும். சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் இருப்பது அப்படியே இருக்கும், திரும்ப ஓடவிடவும் நேரமே ஆகாது. ஆனால் கசிவு தொடரும். கசிவையும் நிறுத்த வேண்டுமானால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். துண்டித்தால் ரெஜிஸ்டரில் இருந்ததெல்லாம் போச்சு. டிரைவர் அதை முன்கூட்டியே ரேமில் எடுத்து வைத்து, எழுப்பும்போது ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும். ஆக எவ்வளவு ஆழமாகத் தூங்க வைக்கிறோமோ அவ்வளவு மிச்சம். கூடவே எழும்ப ஆகும் நேரமும் கூடும், மறந்துபோவதும் கூடும்.

பிசி உலகத்தில் இந்த ஆழங்களுக்கு டி0 முதல் டி3 வரை பெயர் வைத்திருக்கிறார்கள். டி0 முழு விழிப்பு. டி1, டி2 இரண்டும் ஏட்டில் இருக்கின்றன, இன்றைய சாதனங்களில் அபூர்வம். நமக்கு முக்கியம் டி3, அதிலும் இரண்டு வகை. டி3 ஹாட் என்றால் சாதனம் தூங்குகிறது, ஆனால் மின்சாரம் அறுபடவில்லை, தட்டினால் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. டி3 கோல்ட் என்றால் அதற்குப் போகும் முதன்மை மின்சாரமே துண்டிக்கப்பட்டுவிட்டது.

பிசிஐ என்ற இணைப்புப் பாதையில் பிராசஸரோடு இணைந்த ஒரு சாதனத்தை டி3 ஹாட்டுக்கு அனுப்புவது எவ்வளவு சின்ன வேலை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மின் மேலாண்மைக்கென்று அதில் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. அதன் கடைசி இரண்டு பிட்டில் 11 எழுதினால் தூக்கம், 00 எழுதினால் விழிப்பு. அவ்வளவுதான். ஆனால் 00 எழுதிய கையோடு சாதனத்திடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. 10 மில்லி நொடி பொறுக்க வேண்டும் என்பது விதி. டி3 கோல்டிலிருந்து வருகிறது என்றால் மின்சாரம் வந்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு மறுபடி அமைந்து, 100 மில்லி நொடி பொறுக்க வேண்டும். அதற்குள் படித்தால் பதில் வராது. பதில் வராத இடத்தில் பிராசஸருக்குக் கிடைக்கும் மதிப்பு, எல்லா பிட்டும் 1.

இந்த "எல்லாம் 1" டிரைவர் எழுதுகிறவர்களை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டு சாதனங்கள் பிராசஸரை "என்னைக் கவனி" என்று கூப்பிடும் ஒரே இன்டரப்ட் லைனைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று டி3-இல் தூங்குகிறது. விழித்திருக்கும் சாதனம் இன்டரப்ட் எழுப்புகிறது. யாருடையது என்று தெரியாததால் கெர்னல் இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டு, உன்னுடையதா பார் என்கிறது. தூங்கும் சாதனத்தின் டிரைவர் தன் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கிறது, எல்லா பிட்டும் 1 என்று வருகிறது. அடேயப்பா, பாக்கெட் வந்திருக்கிறது, பிழை வந்திருக்கிறது, இணைப்பு அறுந்திருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது என்று நம்பி, இல்லாத பாக்கெட்டை எடுக்கக் கிளம்பிவிடும். நல்ல டிரைவர், படித்த மதிப்பு முழுக்க 1 என்றால் "நான் தூங்குகிறேன், இது என்னுடையது இல்லை" என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த இரண்டு வரியை எழுத மறந்த டிரைவர்கள் நிறைய.

சரி, அந்த 11-ஐ எழுதுவது என்ற முடிவை யார் எடுப்பது? முதலில் பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே பதிந்து வரும் நிரல்தான் எடுத்தது. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏபிஎம் என்ற மின் மேலாண்மை ஏற்பாட்டில், குறிப்பிட்ட நேரம் அசைவில்லை என்றால் பயாஸே டைமர் வைத்துத் தூங்கப் போட்டுவிடும். நீங்கள் என்ன வேலை ஓட விட்டிருக்கிறீர்கள் என்பது பயாஸுக்குத் தெரிய வழியில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்ற தரநிலை இதைத் தலைகீழாக்கியது. முடிவு இயங்குதளத்துடையது, அதைச் செய்யும் வழியை மட்டும் ஃபர்ம்வேர் (பயாஸ்போல வன்பொருளோடு வரும் நிரல்) சொன்னால் போதும். 2013 முதல் அந்தத் தரநிலை யூஈஎஃப்ஐ ஃபோரம் என்ற தொழில் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

"வழியைச் சொல்வது" என்பது கையேடு கொடுப்பதல்ல, நிரலே கொடுப்பது. எந்தப் பின்னை உயர்த்தினால் எந்தச் சாதனத்துக்கு மின்சாரம் போகும் என்பது மதர்போர்டு செய்தவருக்குத்தான் தெரியும். அவர் அதை ஏஎம்எல் என்ற பைட்கோடாக எழுதி ஃபர்ம்வேரில் வைத்துவிடுகிறார். கெர்னலுக்குள் அதைப் படித்து ஓட்டவென்றே ஒரு இன்டர்பிரட்டர் இருக்கிறது. சாதனத்தை டி3 கோல்டுக்கு அனுப்பும்போது கெர்னல் அந்தப் பைட்கோடைக் கூப்பிடுகிறது, அது போய் மின்சாரத்தை அறுக்கிறது. யோசித்துப் பாருங்கள்: உங்கள் கெர்னலின் முழு அதிகாரத்தோடு, போர்டு தயாரித்த யாரோ எழுதிய நிரல் ஓடுகிறது. அதில் பிழை இருந்தால் லினக்ஸ் ஆட்களால் அதைத் திருத்த முடியாது, சுற்றிப் போகத்தான் முடியும். "இந்த மாடல் என்றால் இதைச் செய்யாதே" என்ற விதிவிலக்குப் பட்டியல்கள் கெர்னல் முழுக்கச் சிதறிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பெரும்பாலான ஃபோன்களில் ஏசிபிஐ கிடையாது. எந்த க்ளாக், எந்த ரெகுலேட்டர், எந்த மின்பகுதி என்பதெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் பட்டியலில் வெறும் விவரமாக இருக்கும், நடத்தி வைப்பது கெர்னலே.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் அணைப்பது, அதாவது ரன்டைம் பிஎம். 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32-இல்தான் இதற்கு ஒரு பொது ஏற்பாடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தோன்றியதைச் செய்தது.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கவுண்டர். சாதனத்தைத் தொடப்போகும் நிரல் முதலில் "கெட்" சொல்லும், கவுண்டர் ஒன்று ஏறும். சாதனம் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பப்படும். வேலை முடிந்ததும் "புட்", கவுண்டர் ஒன்று இறங்கும். பூஜ்யம் ஆனால் தூங்கப் போகலாம். கூட்டம் முடிந்து கடைசியாக அறையை விட்டுப் போகிறவர் லைட்டை அணைக்கிற ஏற்பாடுதான். யாராவது போகும்போது சொல்லாமல் போய்விட்டால் லைட் விடிய விடிய எரியும் என்பதும் இதிலேயே அடக்கம்.

சொல்லாமல் போவது நினைப்பதைவிட எளிது. "கெட்" அழைப்பின் பிரபலமான வடிவம் ஒன்று, சாதனத்தை எழுப்ப முடியாமல் பிழை திருப்பினாலும் கவுண்டரை ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். சி மொழியில் பழகிய யாருக்கும் கை இயல்பாக எழுதுவது என்ன? பிழை வந்தால் உடனே வெளியேறு. அப்படி வெளியேறினால் "புட்" நடக்காது, கவுண்டர் ஒன்றிலேயே நின்றுவிடும், அந்தச் சாதனம் அடுத்த ரீபூட் வரை தூங்காது. ஒன்றிரண்டு பேரல்ல, டிரைவர் எழுதும் பெருங்கூட்டமே இந்தக் குழியில் விழுந்திருக்கிறது. 2020-இல், பிழை வந்தால் கவுண்டரைத் தானே இறக்கிவிடும் இன்னோர் அழைப்பைச் சேர்த்தார்கள். பதினோரு வருடம்! பயன்படுத்துகிறவர் எல்லோரும் ஒரே தவறைச் செய்தால் தவறு அழைப்பை வடிவமைத்த விதத்தில்தான் என்பது என் கட்சி.

கவுண்டர் பூஜ்யம் ஆனதும் உடனே அணைத்துவிடவும் கூடாது. தூங்கப் போகவும் எழும்பவும் செலவு உண்டு. 5 மில்லி நொடிக்கு ஒருமுறை வேலை வரும் சாதனத்தை ஒவ்வொரு முறையும் அணைத்து எழுப்பினால் மிச்சத்தைவிடச் செலவு அதிகம். அதனால் ஆட்டோசஸ்பெண்ட் என்று ஒரு தாமதம் வைக்கிறார்கள்: கடைசி வேலை முடிந்து இத்தனை நேரம் அமைதியாக இருந்தால் மட்டும் அணை. தாமதம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஊகம்தான். என்விஎம்இ எனப்படும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் மட்டும் இது கொஞ்சம் கணக்காக நடக்கிறது. டிஸ்க்கே தன் ஒவ்வொரு மின்நிலைக்கும் உள்ளே போக இத்தனை மைக்ரோ நொடி, வெளியே வர இத்தனை மைக்ரோ நொடி என்று பட்டியல் தருகிறது. லினக்ஸ் அதைப் படித்து, இத்தனை நேரம் சும்மா இருந்தால் இந்த நிலைக்குப் போய்க்கொள் என்று ஒரு அட்டவணையை டிஸ்க்கிடமே ஒப்படைத்துவிடும். பிறகு டிஸ்க் தானாகவே இறங்கும், கெர்னலைக் கேட்காது. 2017-இல் 4.11 பதிப்பில் இது சேர்ந்தபோது விதி ஒரே வரி: போய்வர ஆகும் மொத்த நேரத்தைப்போல 50 மடங்கு சும்மா இருந்தால் இறங்கு. மாற்றத்துக்கே ஆகும் நேரம் அதிகம் போனால் 2 சதவீதம் என்பது அதன் பொருள். பின்னால் இந்த விதியை நுணுக்கமாக்கினார்கள், எனக்கென்னவோ முதல் விதியின் நேர்மை பிடித்திருக்கிறது. தன் பட்டியலில் நல்லபிள்ளையாக எண்களைக் கொடுத்துவிட்டு, ஆழமான நிலைக்குப் போனால் திரும்பி வராத டிஸ்க்குகளும் வந்தன. அவற்றுக்கும் விதிவிலக்குப் பட்டியல்.

தூக்கம் காதில் விழும் இடம் ஒன்று இருக்கிறது. பாட்டு நின்ற சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு "டப்" சத்தம் கேட்டிருக்கிறீர்களா? ஆடியோ சிப்பின் மின்சாரத்தை டிரைவர் அறுக்கும்போது வெளியீட்டு மின்னழுத்தம் சட்டென்று தாவுவதால் வரும் சத்தம் அது. சில போர்டுகளில் வராது, சிலவற்றில் எரிச்சலூட்டும் அளவுக்கு வரும். லினக்ஸின் ஆடியோ டிரைவருக்குள் "இந்த மெஷின்களில் மின்சேமிப்பு வேண்டாம், டப் வருகிறது" என்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

யூஎஸ்பியில் அணைக்கும் முறையே வேறு. தூங்கு என்று யாரும் கட்டளை அனுப்புவதில்லை, பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பஸ்ஸில் 3 மில்லி நொடிக்கு அசைவே இல்லை என்றால் சாதனம் தானே புரிந்துகொண்டு ஒடுங்க வேண்டும். யூஎஸ்பி 2.0-வில் ஒடுங்கிய பிறகு 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. எழுப்ப ஹோஸ்ட், அதாவது கணினி, 20 மில்லி நொடிக்குக் குறையாமல் ஒரு சைகை தர வேண்டும். விதி அழகாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதனங்கள் விதியைப் படித்திருக்க வேண்டுமே! தூங்கப் போய் எழும்போது பெயரையே மறந்து புதிதாகச் செருகியதுபோல வருகிறவை உண்டு, எழவே எழாதவையும் உண்டு. அதனால் லினக்ஸ் இயல்பாக ஹப்களை மட்டுமே தூங்க அனுமதிக்கிறது. மற்ற யூஎஸ்பி சாதனங்களில் சிலவற்றுக்கு அவற்றின் டிரைவரே அனுமதி தரும், மிச்சத்துக்கு நீங்கள்தான் "ஆட்டோ" என்று மாற்ற வேண்டும். மவுஸுக்கு மாற்றினால் சிலவற்றில் நகர்த்தினால் எழாது, பட்டனை அமுக்க வேண்டியிருக்கும். இதை எல்லோருக்கும் இயல்பாக வைத்திருந்தால் திட்டு வாங்குவது மவுஸ் கம்பெனி இல்லை, லினக்ஸ்தான்.

அடுத்தது வரிசை. சாதனங்கள் மரம்போல அமைந்தவை. பிசிஐ பிரிட்ஜுக்குக் கீழே யூஎஸ்பி கண்ட்ரோலர், அதற்குக் கீழே ஹப், அதற்குக் கீழே கேமரா. பிள்ளைகள் எல்லோரும் தூங்கிய பிறகுதான் தாய் தூங்கலாம். எழும்பும்போது தாய் முதலில். அதனால் கேமரா ஒன்று விழித்திருந்தால் மேலே வேர் வரை எல்லாம் விழித்திருக்கும். இது புரிந்துகொள்ள எளிது. மரத்தில் தெரியாத உறவுகள்தான் தலைவலி.

தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்புகள் இதற்கு நல்ல உதாரணம். அந்த சிப்பின் எச்டிஎம்ஐ ஒலிக்கென்று ஒரு ஆடியோ சாதனம் அதே சிப்புக்குள் இருக்கிறது. பிசிஐ கணக்கில் இரண்டும் சகோதரர்கள், தாய்-பிள்ளை அல்ல. ஆனால் மின்சாரம் இரண்டுக்கும் ஒன்றே. கிராஃபிக்ஸ் டிரைவர் தன் வேலை முடிந்தது என்று மின்சாரத்தை அறுத்தால் ஆடியோ சாதனமும் காலடியில் தரை நழுவியதுபோல மறைந்துவிடும். சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியே மரத்தில் இல்லை. இதற்காகத்தான் லினக்ஸில் டிவைஸ் லிங்க் என்ற ஏற்பாடு உதவியது: மரத்தில் எங்கே இருந்தாலும், "இது அதை நம்பியிருக்கிறது" என்று தனியாக ஒரு கயிறு கட்டிவிடலாம். ஆடியோ விழித்திருக்கும் வரை கிராஃபிக்ஸ் சிப்பின் மின்சாரம் அறுபடாது. 2018-இல் இந்தக் கயிற்றைக் கட்டினார்கள்.

கட்டியதும் பிரச்சினை மறுபக்கம் திரும்பியது. ஆடியோ சாதனத்துக்கு மின்சேமிப்பு "ஆன்" நிலையில் விடப்பட்டிருந்தால், அதாவது எப்போதும் விழித்திரு என்று இருந்தால், எச்டிஎம்ஐ கேபிளே செருகாத லேப்டாப்பிலும் அந்த ஆடியோ சாதனம் மொத்த கிராஃபிக்ஸ் சிப்பையும் விழிக்க வைத்துவிடும். பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று கிராஃபிக்ஸ் டிரைவரைத் தோண்டிக்கொண்டிருப்பவர்கள் பக்கத்து வீட்டைப் பார்ப்பதில்லை. இன்னொரு வேடிக்கை: சிப் தூங்குகிறதா என்று பார்க்க, பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினால், அது கான்ஃபிகரேஷன் பகுதியைப் படிப்பதற்காகவே டி3 கோல்டில் இருக்கும் சிப்பை எழுப்பிவிடும். நீங்கள் பார்க்கும்போதெல்லாம் அது விழித்திருக்கும். சாதனத்தைத் தொடாமல் நிலையைப் பார்க்க, கெர்னல் தன் விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் அந்தச் சாதனத்தின் பவர் அடைவுக்குள் இருக்கும் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். அது கெர்னலின் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லும். டெஸ்க்டாப்பில் வெப்பநிலை காட்டும் சின்ன விட்ஜெட் வைத்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், சில நொடிக்கு ஒருமுறை சிப்பைத் தட்டி எழுப்பி "எவ்வளவு சூடு" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இதுவரை சொன்னது விழித்திருக்கும் இயந்திரத்துக்குள் நடப்பது. மூடியை மூடும்போது நடப்பது வேறு நாடகம். லினக்ஸ் முதலில் பயனர் நிரல்களை எல்லாம் உறைய வைக்கும். 20 நொடிக்குள் ஏதாவது ஒன்று உறைய மறுத்தால் முயற்சியைக் கைவிட்டுவிடும். பிறகு சாதனங்களை நான்கு கட்டமாக இறக்கும், முதல் ஆயத்தக் கட்டம் தவிர மற்றவை கீழிருந்து மேலாக. கடைசிக் கட்டத்துக்கு முன் சாதனங்களின் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிடும், அதன்பின் எந்த டிரைவரும் எதிர்பாராத அழைப்பை வாங்காது. எழும்போது அதே கட்டங்கள் தலைகீழாக. நடுவில் ஒரு டிரைவர் முடியாது என்று சொன்னால் அதுவரை தூங்கியவர்கள் எல்லோரையும் எழுப்பிவிட வேண்டும். விண்டோஸில் டிரைவர் பதிலே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் 9எஃப் எண்ணோடு நீலத்திரை வரும். அந்தத் திரையின் பெயரே டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்.

எழும்போது இயந்திரம் உறைந்துபோனால் என்ன செய்வது? திரை இல்லை, டிஸ்க் இல்லை, எங்கேயும் லாக் எழுத முடியாது. ரீசெட் அமுக்கினால் ரேமும் போச்சு. 2006-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ஒரு தந்திரம் இன்னும் கெர்னலில் இருக்கிறது: எந்த இடம் வரை வந்தோம் என்பதை ஒரு எண்ணாகச் சுருக்கி, பேட்டரியில் ஓடும் நிஜ நேரக் கடிகாரத்துக்குள் தேதியாக எழுதிவிடு. ரீசெட்டுக்குப் பின்னும் பிழைத்திருக்கும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். ரீபூட் ஆனதும் தேதியைப் பார்த்து, எந்தச் சாதனத்தில் மாட்டியது என்று கெர்னல் சொல்லும். சீக்கிரம் பார்க்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதே! வேலை முடிந்ததும் தேதியைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது தனி.

இப்போது உங்கள் பைக்கு வருகிறேன். பழைய லேப்டாப்பில் இருந்தது எஸ்3 என்ற தூக்க நிலை. அதில் டிரைவர்கள் இறக்கிய பின் கடைசி ஸ்விட்சை ஃபர்ம்வேர் அமுக்கும். ரேமுக்கு மட்டும் மின்சாரம், பிராசஸர் உட்பட கிட்டத்தட்ட எல்லாம் அணைந்துவிடும். ஒரு டிரைவர் ஏனோதானோ என்று இருந்தாலும் பரவாயில்லை, மின்சாரமே இல்லாத இடத்தில் எதுவும் விழித்திருக்க முடியாது. ஃபோன்போல உடனே எழ வேண்டும், மூடியிருக்கும்போதும் மெயில் வர வேண்டும் என்று 2012-இல் விண்டோஸ் 8 கனெக்டட் ஸ்டாண்ட்பையைக் கொண்டுவந்தது, விண்டோஸ் 10-இல் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. புதிய லேப்டாப்புகள் பலவற்றின் ஃபர்ம்வேரில் எஸ்3 கிடையவே கிடையாது. லினக்ஸில் இதற்கு இணையானது எஸ்2ஐடில்.

இந்தப் புது முறையில் யாரும் கடைசி ஸ்விட்சை அமுக்குவதில்லை. இயந்திரம் பெயருக்கு எஸ்0-விலேயே, அதாவது விழித்த நிலையிலேயே இருக்கிறது. நிரல்கள் உறைந்து, எல்லாச் சாதனங்களும் ஒடுங்கி, பிராசஸரும் ஆழ்ந்து போனால், சிப்செட் தானாகவே எஸ்0ஐஎக்ஸ் என்ற ஆழத்துக்கு நழுவும். "எல்லா" என்பதுதான் இங்கே நிபந்தனை. ஒரு டிஸ்க் சரியான நிலைக்கு இறங்கவில்லை, ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு தன் ஆழ்ந்த நிலைக்குப் போகவில்லை, அல்லது ஒரு சாதனம் "என்னால் நீண்ட தாமதத்தைத் தாங்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றால், மொத்த சிப்பும் கீழே போகாமல் மேலேயே மிதக்கும். திரை அணைந்திருக்கும், விசிறி நின்றிருக்கலாம், பார்க்கத் தூங்குவதுபோலவே இருக்கும். 50 வாட்-மணி பேட்டரியில் அரை வாட் இழுத்தால் 100 மணி நேரம் தாங்கும், 5 வாட் இழுத்தால் 10 மணி நேரத்தில் காலி. உங்கள் ஒரு இரவுக் கணக்கு இரண்டாவதற்குப் பக்கத்தில் வருகிறது, பையின் சூடும் அதற்குப் பொருந்துகிறது. உள்ளே ஏதோ ஒன்று தூங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இடையில் எழுந்து வேலை செய்துவிட்டுத் திரும்பப் படுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஃபோன் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கேள்வியையே புரட்டிப் போட்டது: தூங்குவதுதான் இயல்பு, விழித்திருக்க விரும்புகிறவன் வேக்லாக் என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு விழித்திரு. 2009-10-இல் லினக்ஸ் கெர்னல் ஆட்கள் இதை ஏற்காமல் பெரிய சண்டையே நடந்தது, 2012-இல் 3.5 பதிப்பில் ஆட்டோஸ்லீப் என்று வேறு பெயரில் அதே வசதி உள்ளே வந்துவிட்டது. தவிர ஃபோனில் சிப், போர்டு, டிரைவர் எல்லாம் ஒரே குறிப்பிட்ட மாடலுக்காகச் சேர்த்துச் சோதிக்கப்படுபவை. யாரோ செய்த டிஸ்க்கை யாரோ செய்த போர்டில் செருகும் பிசிக்கு அந்த வசதி இல்லை.

செய்ய வேண்டியது என்ன? விண்டோஸ் என்றால் நிர்வாகி உரிமையோடு பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஸ்லீப்ஸ்டடி அறிக்கை எடுங்கள். ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சதவீதம் ஆழ்ந்த நிலையில் போனது, யார் தடுத்தார்கள் என்று பெயரோடு வரும். லினக்ஸ் என்றால் முதலில் சிஸ் கோப்பகத்தின் பவர் அடைவில் மெம் ஸ்லீப் கோப்பைப் பாருங்கள். அதில் "டீப்" என்ற சொல்லும் இருந்தால் உங்கள் மெஷினுக்கு எஸ்3 இன்னும் உண்டு, அதைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். சில மாடல்களில் இதற்கான தேர்வு பயாஸ் மெனுவிலும் ஒளிந்திருக்கும். எஸ்2ஐடில் மட்டும்தான் என்றால், இன்டெல் மெஷினில் எஸ்0ஐஎக்ஸ் நேரத்தைக் காட்டும் கவுண்டரைத் தூங்குவதற்கு முன்னும் பின்னும் படியுங்கள். நகரவே இல்லை என்றால் யாரோ தடுக்கிறார்கள். வெளியே செருகியதை எல்லாம் கழற்றுங்கள், பிறகு மின்செலவை அளக்கும் பவர்டாப் கருவி காட்டும் பட்டியலில் "பேட்" என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாக மாற்றி மறுபடி அளவெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மாற்றினால் எது காரணம் என்றே தெரியாமல் போகும், அதோடு மவுஸும் தூங்கிவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கை, அப்புறம் கார்டு ரீடரை, அப்புறம் மேலே சொன்ன கிராஃபிக்ஸ் ஆடியோவை. கவுண்டர் நகர்கிறது, ஆனாலும் சூடாகிறது என்றால் இடையில் எது எழுப்பியது என்று கெர்னல் லாக்கில் நேரத்தை வைத்துத் தேடுங்கள்.

கண்டுபிடிக்கும் வரை பைக்குள் வைக்கும் லேப்டாப்பை ஹைபர்னேட் செய்துவிடுங்கள். எழ அரை நிமிடம் ஆகலாம், ஆனால் அதில் ரேம் முழுக்க டிஸ்க்குக்குப் போய் மின்சாரம் உண்மையிலேயே அணைந்துவிடும். சிஸ்டம்டி என்ற சேவை மேலாளர் உள்ள லினக்ஸில், முதலில் தூங்கிச் சிறிது நேரம் கழித்துத் தானே ஹைபர்னேட் ஆகும் ஏற்பாடும் இருக்கிறது. ரேம் கொள்ளும் அளவுக்கு டிஸ்க்கில் ஸ்வாப் என்ற ஒதுக்கிடம் விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.